மூன்றாம் வலையில் ஒரு கீச்சான்

கஸ்தூரி: நீங்க குருவியோட கால மட்டும் பாருங்க சார். எடை, றெக்கை அளவெல்லாம் அப்புறம் எடுத்துக்கலாம்.

தசரதன்: பாக்கறேங்க. கொஞ்சம் அடங்கட்டும். வலையில மாட்டின குருவிக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும். பையில இருட்டுல கொஞ்ச நேரம் கெடந்தாத்தான் சரியாகும்.

கஸ்தூரி: அதெல்லாம் சரியாயிடுச்சு. ரொம்ப நேரமா பையிலதான இருக்குது.

தசரதன்: ரொம்ப நேரமாவா? இப்பத்தான் மாட்டுச்சுன்னீங்க.

கஸ்தூரி: இப்பத்தான். அதாவது… பால் கறந்துட்டு வந்தேன் இல்ல, அப்ப.

தசரதன்: எந்த வலை?

கஸ்தூரி: மூணாவது. கெணத்தோரம் இருக்கே, அது.

தசரதன்: நீங்களே எடுத்தீங்களா?

கஸ்தூரி: நீங்க ஏரிக்கரைக் கோடியில இருந்தீங்க. கூப்டேன், காதுல விழல. ரெண்டு வருஷமா பக்கத்துல நின்னு பாக்கறேன், எனக்கு எடுக்கத் தெரியாதா? மொதல்ல கால், அப்புறம் றெக்கை, கடைசியா தலை. நீங்க சொல்லிக் குடுத்ததுதான்.

தசரதன்: தெரியாதுன்னு சொல்லல. விரல்ல என்ன துணி சுத்தியிருக்கீங்க?

கஸ்தூரி: வெங்காயம் அரிஞ்சேன்.

தசரதன்: விடியறதுக்குள்ளயா?

கஸ்தூரி: கேம்ப்புக்கு சாம்பார் வெக்க வேணாமா?

தசரதன்: கேம்ப்புல இருக்கறது நான் ஒருத்தன்.

கஸ்தூரி: ஒருத்தருக்குன்னாலும் வெங்காயத்த அரிஞ்சுதான் போடணும் சார். முழுசாவா போடுவாங்க? பேச்ச மாத்தாதீங்க. பையத் தொறங்க.

தசரதன்: …கீச்சான்.

கஸ்தூரி: கீச்சானா? அப்டியா?

தசரதன்: எடுத்தவங்களுக்குத் தெரியாதா? கண்ணுக்குக் குறுக்க கறுப்புப் பட்டை, கொக்கி மாதிரி மூக்கு. கடிச்சா சதையைப் பிச்சுக்கும். உங்களக் கடிக்கலயே?

கஸ்தூரி: கடிக்கல. கால்ல என்னா சார் மினுக்குது?

தசரதன்: வளையம்.

கஸ்தூரி: வளையமா! நம்மளதா?

தசரதன்: நம்மளதுதான். நம்ம பம்பாய் ஆபீசு விலாசம் போட்டிருக்குது.

கஸ்தூரி: அப்ப பழைய குருவி. போன வருஷம் இங்க புடிச்சு, வளையம் போட்டு விட்டது, திரும்ப இங்கயே வந்திருக்குது. அப்டித்தான சார்?

தசரதன்: ம்…

கஸ்தூரி: என்னா சார் ம்? உங்க ஆபீசர் பரசுராமன் ஐயா என்னா சொன்னார்? இதே எடத்துல, அந்த மடக்கு நாற்காலியில உக்காந்துக்கிட்டு சொன்னார். ஐப்பசி பாதி போச்சு, மழையையும் காணோம், குருவியையும் காணோம், வெறும் வலையைக் கட்டி வெச்சுக்கிட்டு நான் பம்பாய்க்கு என்னா பதில் சொல்றதுன்னாரு. போன வருஷம் வளையம் போட்டதுல ஒண்ணே ஒண்ணு, ஒண்ணே ஒண்ணு திரும்பி வந்து மாட்டினாக்கூட பங்குனி வரைக்கும் கேம்ப்ப வெச்சுக்கலாம், இல்லன்னா கோயில் கொடியேத்தத்துக்கு முன்னாடி மூடிட வேண்டியதுதான்னாரு. நான் மோர் குடுக்க வந்தவ, கேட்டுக்கிட்டுத்தான நின்னேன்.

தசரதன்: சொன்னார்.

கஸ்தூரி: வந்துடுச்சு இல்ல? அப்புறம் ஏன் மொகத்த இப்டி வெச்சிருக்கீங்க? நீங்க கோடியக்கரை கேம்ப்புக்குப் போக வேணாம். உப்புக் காத்துல அந்தக் கடலோரம் போய்க் கெடக்க வேணாம்.

தசரதன்: வளையம் லொடலொடன்னு ஆடுது.

கஸ்தூரி: இளைச்சிருக்கும். எவ்ளோ தூரம் பறந்து வருது, இளைக்காதா?

தசரதன்: கால் எலும்பு இளைக்காதுங்க.

கஸ்தூரி: …அதுவும் சரிதான். நம்பர எழுதுங்க மொதல்ல.

அப்பாசாமி: அண்ணி! அண்ணி இங்கதான் இருக்கீங்களா? வீட்ல பாத்தேன், அடுப்பு எரியுது, ஆளக் காணோம்.

கஸ்தூரி: வாப்பா அப்பாசாமி. என்னா காலையிலயே?

அப்பாசாமி: கரண்ட் வந்துடுச்சு. இன்னைக்கு கெணத்து மொற என்னுது. மோட்டரப் போட்டுட்டேன், வாய்க்கால்ல தண்ணி இந்தப் பக்கமா வரும், சார் சாமான் ஏதாவது கீழ கெடந்தா எடுத்துக்கச் சொல்லலாம்னு வந்தேன். இன்னா சார், இன்னைக்காவது ஏதாவது மாட்டுச்சா?

தசரதன்: ஒண்ணு மாட்டியிருக்குதுங்க.

கஸ்தூரி: சும்மா ஒண்ணு இல்லப்பா. வளையம் போட்ட குருவி. போன வருஷத்துது.

அப்பாசாமி: அட. காட்டுங்க பாப்போம். இதுதான் அந்த மெட்டி போட்ட குருவியா? திரும்பி வந்துடுச்சா? அப்ப கேம்ப்பு நிக்குதுன்னு சொல்லுங்க.

கஸ்தூரி: பங்குனி வரைக்கும் நிக்கும்.

அப்பாசாமி: சரியாப் போச்சு. அம்மா வேற அங்க ஒக்காந்துக்கிட்டு, கேம்ப்ப எடுத்ததும் உங்கண்ணிய ஊருக்குள்ள வந்துடச் சொல்லு, தோப்புல ஒண்டியா என்னா வேலை, பெரிய வீட்ல ஒரு ரூம்பு இல்லயான்னு என்னைப் புடுங்கி எடுக்குது. நான் சொன்னேன், கேம்ப்பு இருக்கற வரைக்கும் நாலு பேரு வந்து போற எடம், பயம் ஒண்ணும் இல்ல, அப்புறம் பாக்கலாம்னு. அதுக்கு மேல எனக்கும் பதில் இல்ல அண்ணி.

கஸ்தூரி: அத்தைகிட்ட சொல்லு. பங்குனி வரைக்கும் இந்தப் பேச்சே வேணாம்னு சொல்லு.

அப்பாசாமி: சொல்றேன். ஆனா அந்த ரூம்பும் மோசம் இல்ல. நெல்லு மூட்டைய எடுத்துட்டா நல்லா காத்து வரும்.

கஸ்தூரி: அந்த ரூம்பு எனக்குத் தெரியும். உங்கண்ணன் போன பிற்பாடு ஒரு வருஷம் அதுலதான இருந்தேன். ராத்திரி தண்ணி குடிக்க எழுந்தாக்கூட, கஸ்தூரி எங்க போறேன்னு ரெண்டு பேரு கேப்பாங்க.

அப்பாசாமி: அது… அக்கறையில கேக்கறதுதான்.

கஸ்தூரி: நான் அக்கறை இல்லன்னு சொன்னேனா?

அப்பாசாமி: சரி சரி. இன்னொண்ணு அண்ணி. சத்துணவுக் கூடத்துல ஆயா வேலைக்கு ஆள் எடுக்கறாங்களாம். மனு குடுத்தா கெடைக்கும்னு தலைவர் சொன்னார். அதுக்கும் ஊருக்குள்ள இருந்தாத்தான் ஆகும்.

கஸ்தூரி: அப்புறம் பாத்துக்கலாம்பா.

அப்பாசாமி: சார், ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். அன்னைக்கு உங்க ஜீப்பு வந்து டெண்ட்டு, பெட்டியெல்லாம் ஏத்திட்டுப் போச்சே, இன்னா சமாச்சாரம்? நான் மடைகிட்ட நின்னு பாத்தேன்.

கஸ்தூரி: ஜீப்பா? எப்ப வந்துச்சு? டெண்ட்ட தைக்கறதுக்கு டவுனுக்குக் குடுத்திருக்கேன்னு சொன்னீங்களே சார்?

தசரதன்: ஆமாங்க. ஜீப்புலதான் போச்சு. கிழிசல் ஜாஸ்தி.

அப்பாசாமி: நாற்காலி கூட போச்சே. அதுவும் கிழிஞ்சிடுச்சா?

தசரதன்: …அதுவுந்தாங்க. துணி நாற்காலிதான.

அப்பாசாமி: நல்லாத்தான் நடத்தறீங்க கேம்ப்பு. பம்ப் ஷெட்டுல மோட்டரு சத்தத்துல எப்டி சார் தூங்கறீங்க?

தசரதன்: கரண்ட் இருந்தாத்தான மோட்டரு சத்தம்.

அப்பாசாமி: அது சரி. ஏன் சார், ஊர்ல இருக்கற குருவிக்கெல்லாம் மெட்டி போட்டு அனுப்பறீங்க, நீங்க ஏன் ஒரு கல்யாணம் காட்சின்னு பண்ணிக்கல?

தசரதன்: வருஷத்துல பாதி நாள் கோடியக்கரை, மீதி நாள் இங்க. வலை கட்டறவனுக்கு யாருங்க பொண்ணு குடுப்பாங்க?

அப்பாசாமி: மீனு புடிக்கறவனுக்குக் குடுக்கறாங்க. அவன் புடிச்சத வீட்டுக்காவது கொண்டுட்டு வரான். நீங்க புடிச்சு புடிச்சு விட்டுடறீங்க, அதான் தோது வரல. சரி, நான் போய் டீக்கடையில சொல்றேன். சின்னசாமி பந்தயம் கட்டாத கொற, ஒரு குருவியும் திரும்ப வராது, வளையத்தோட எங்கயாவது தண்ணியில விழுந்து செத்திருக்கும்னான்.

தசரதன்: இப்ப சொல்ல வேணாங்க.

அப்பாசாமி: ஏன்?

தசரதன்: ஐயா பாத்து உறுதி பண்ணணும். அதுக்கு முன்ன வெளிய சொல்லக் கூடாது.

அப்பாசாமி: உறுதின்னா? கால்ல இருக்குது, கண்ணால பாக்கறோம்.

தசரதன்: இருக்குது. இருந்தாலும் ரெண்டு நாள் போகட்டும்.

அப்பாசாமி: சரி, உங்க ஆபீசு சட்டம். அம்மாகிட்ட மட்டும் சொல்லிடறேன் அண்ணி. தண்ணி வருது, பைய மேல எடுத்து வெச்சுக்குங்க.

கஸ்தூரி: …போயிட்டான். ஏன் சார் அவன்கிட்ட அப்டி சொன்னீங்க? நம்ம வளையம்தானே? நீங்களே படிச்சீங்க.

தசரதன்: உக்காருங்க.

கஸ்தூரி: நிக்கறேன். சொல்லுங்க.

தசரதன்: வளையத்துல சைஸ் இருக்குது, உங்களுக்குத் தெரியும். இலைக்குருவிக்குப் போடறது நெல்லு மொனை அளவு. வாலாட்டிக்கு அதவிடப் பெருசு. கீச்சானுக்கு ஒண்ணு. இந்தக் கால்ல இருக்கறது கீச்சான் சைஸ் இல்ல. இது அதவிடப் பெரிய காலுக்குப் போடறது.

கஸ்தூரி: அவசரத்துல பெட்டி மாறி எடுத்திருப்பீங்க.

தசரதன்: மாறல. இந்த சைஸ்ல போன வருஷம் இந்தத் தோப்புல ஒண்ணே ஒண்ணுதான் போட்டேன். அன்னைக்கு நீங்களும் இருந்தீங்க. நீங்கதான் அதோட தலையப் புடிச்சுக்கிட்டீங்க. நினைப்பு இருக்குதா?

கஸ்தூரி: …இருக்குது.

தசரதன்: என்ன குருவி?

கஸ்தூரி: ஆறுமணிக்குருவி.

தசரதன்: முதுகு பச்சை, வயித்துக்குக் கீழ செவப்பு, றெக்கையில நீலம். இத்தனை கலர்ல ஒரு குருவியா, யாரோ ஒக்காந்து பெயிண்ட் அடிச்ச மாதிரி இருக்குதேன்னு சொன்னீங்க.

கஸ்தூரி: சொன்னேன்.

தசரதன்: போன வருஷம் ஆறுமணிக்குருவியாப் போனது, இந்த வருஷம் கீச்சானா வந்திருக்குது. வளையத்து மேல பல்லு பல்லா தடம் இருக்குது. என் கொறடு இப்டி தடம் விடாது. எதுல வெச்சு அழுத்தினீங்க?

கஸ்தூரி: இடுக்கி. பால் பாத்திரம் எறக்கற இடுக்கி.

தசரதன்: கால் ஒடிஞ்சிருக்கும்.

கஸ்தூரி: ஒடியல. ஒடியாமத்தான் பாத்துப் பாத்து அழுத்தினேன். அதுக்குள்ள என் விரல அது பிச்சிடுச்சு, பாவி. துணிய அவுத்தா இன்னும் ரத்தம் வரும்.

தசரதன்: ஊர் டாக்டர்கிட்ட காட்டுங்க.

கஸ்தூரி: என்னான்னு சொல்லிக் காட்டறது? குருவி கடிச்சதுன்னா? …திட்டணும்னா திட்டிடுங்க சார். இப்டி மெதுவா பேசறது எனக்கு ஒத்துக்கல.

தசரதன்: திட்டறது இருக்கட்டும். மொதல்ல இத அதோட கால்லேருந்து எடுக்கணும். லொடலொடன்னு கெடந்தா முள்ளுல மாட்டிக்கிட்டு செத்துப்போகும். அந்த நைலான் நூல் எடுங்க, வலை தைக்கறது.

கஸ்தூரி: உங்க கொறடு எங்க?

தசரதன்: பெட்டியில. நூல் ரெண்டு துண்டா அறுங்க. வளையத்துக்குள்ள ரெண்டையும் விடுங்க. ம். ஒண்ண நீங்க உங்க பக்கம் இழுங்க, இன்னொண்ண நான் இழுக்கறேன். வெடுக்குனு இழுக்காதீங்க. அப்டியே… இன்னும் கொஞ்சம்…

கஸ்தூரி: வளையத்து வாய் தொறக்குது.

தசரதன்: நிறுத்துங்க. வந்துடுச்சு. காலு பரவால்ல, தோலு லேசா செவந்திருக்குது. விட்டுடலாமா?

கஸ்தூரி: விடுங்க. அது மொகத்த என்னால பாக்க முடியல.

தசரதன்: …போயிடுச்சு. பாருங்க, முள்ளு மரத்துல ஒக்காந்து எப்டி கத்துது. நம்ம ரெண்டு பேரயுந்தான் திட்டுது.

கஸ்தூரி: என்னைத்தான்.

தசரதன்: இப்ப சொல்லுங்க. இந்த வளையம் உங்க கைக்கு எப்டி வந்துச்சு?

கஸ்தூரி: பூனை.

தசரதன்: எந்தப் பூனை? பூனைய ஊருக்குள்ள ராணியம்மாள் வீட்டுக்குக் குடுத்துட்டேன்னு ஐயாகிட்ட சொன்னீங்களே.

கஸ்தூரி: குடுத்தேன். நிஜமாத்தான் குடுத்தேன். சாக்குல கட்டி, நானே தூக்கிட்டுப் போய் அவங்க வீட்டு வாசல்ல விட்டேன். நான் வீட்டுக்கு வரதுக்குள்ள அது எனக்கு முன்னாடி வந்து கதவுகிட்ட ஒக்காந்திருக்குது. என்னா பண்ணச் சொல்றீங்க? அன்னையிலேருந்து ஐயா வர அன்னைக்கெல்லாம் அத நெல்லுக் குதிருக்குப் பின்னால கூடையில கவுத்து வெப்பேன்.

தசரதன்: அதான் ஒரு தடவை கூடை நகர்ந்துச்சா.

கஸ்தூரி: பாத்தீங்களா? பாத்துட்டும் சொல்லல?

தசரதன்: பெருச்சாளின்னு நெனச்சேன். சொல்லுங்க.

கஸ்தூரி: ஆயுத பூஜை அன்னைக்கு. மோட்டருக்கு மஞ்ச குங்குமம் வெக்கலாம்னு விடிகாலையில போனேன். பம்ப் ஷெட்டு வாசல்ல அது வாயில எதையோ வெச்சிக்கிட்டு ஒக்காந்திருக்குது. வெரட்டினேன், கீழ போட்டுட்டு ஓடிடுச்சு. பாத்தா பச்சை, செவப்பு, நீலம். ஒடம்பு இன்னும் சூடா இருந்துச்சு சார். கால்ல வளையம்.

தசரதன்: இந்த ஆயுத பூஜையா? இந்த வருஷம்?

கஸ்தூரி: இந்த வருஷந்தான். ஏன்?

தசரதன்: ஒண்ணும் இல்ல. சொல்லுங்க.

கஸ்தூரி: உங்ககிட்ட எடுத்துட்டு வரதா, வேணாமான்னு கையில வெச்சிக்கிட்டு அங்கயே நின்னேன். ஐயா என்னா சொன்னார்? பூனை நடமாடற எடத்துல வலை கட்டக் கூடாது, ஒரு குருவி பூனை வாயில போச்சுன்னு தெரிஞ்சாலும் அன்னைக்கே கேம்ப்ப எடுத்துடுவேன்னார். அதுவும் போனது ஆறுமணிக்குருவி. அதுக்காகத்தான் இந்தத் தோப்பையே புடிச்சாங்கன்னு நீங்க சொல்லியிருக்கீங்க. புங்க மரத்தடியில தோண்டி புதைச்சேன். வளையத்த மட்டும் ஒடம்போட போட மனசு வரல. கடுகு டப்பாவுல போட்டு வெச்சேன்.

தசரதன்: அப்புறம்?

கஸ்தூரி: அப்புறம் என்னா? கொடியேத்தம் கிட்ட வந்துட்டே இருக்குது. நீங்க தினமும் வலையக் கட்டறீங்க, அவுக்கறீங்க. கருக்கல்ல எழுந்து போறீங்க, வளையம் போட்ட குருவி ஒண்ணும் இல்லாம வரீங்க. பரவால்லங்க, நாளைக்கு வரும்ங்கறீங்க. இன்னைக்கு மூணாவது வலையில இந்தக் கீச்சான் தொங்கிட்டு இருந்துச்சு. பம்பாய்ல இருக்கறவங்க குருவியையா பாக்கப் போறாங்க, நம்பரத்தான பாக்கறாங்கன்னு தோணுச்சு. நம்பர் நம்ம நம்பர். பொய் நம்பர் இல்லயே.

தசரதன்: நம்பரோட சேத்து என்ன குருவின்னும் எழுதிப் போகணுங்க.

கஸ்தூரி: அது எனக்குத் தெரியாது.

தசரதன்: நான் எழுத மாட்டேன்.

கஸ்தூரி: எழுத வேணாம். நான் கேட்டேனா?

தசரதன்: உங்களுக்காகக்கூட எழுத மாட்டேங்க. ஒரு தடவை பொய்யா எழுதிட்டா, இதுவரைக்கும் எழுதினது அத்தனையும் பொய்யாயிடும். எது நிஜம் எது பொய்னு எனக்கே தெரியாமப் போயிடும்.

கஸ்தூரி: புரியுது சார். என்னைச் சின்னப்புள்ள மாதிரி நிக்க வெச்சு சொல்லாதீங்க.

தசரதன்: அதுக்குத்தான் உக்காருங்கன்னேன்.

கஸ்தூரி: …சரி, உக்காந்துட்டேன்.

தசரதன்: இப்ப நான் ஒண்ணு சொல்றேன், கோவப்படக் கூடாது. அந்தக் குருவி போன வருஷம் இங்கேருந்து கெளம்பி, வடக்க இமயமலை அடிவாரம் வரைக்கும் போயிருக்கும். அங்க கூடு கட்டி, குஞ்சு பொரிச்சு, மறுபடியும் இத்தனை ஊரு, இத்தனை ஏரியெல்லாம் தாண்டி, இதே மலையடி, இதே தோப்பு, இதே கெணத்தோரம்னு கரெக்டா வந்து எறங்கியிருக்குது.

கஸ்தூரி: வந்து, என் பூனை வாயில போயிருக்குது.

தசரதன்: போகட்டுங்க. வந்துச்சா இல்லயா?

கஸ்தூரி: வந்துச்சு.

தசரதன்: அதுதான் செய்தி. உசுரோடதான் மாட்டணும்னு எந்தச் சட்டமும் இல்ல. செத்துக் கெடந்தாலும், பூனை புடிச்சாலும், யாராவது சுட்டுத் தின்னு வளையத்த மட்டும் குடுத்தாலும், எந்த எடம், எந்த நாளுன்னு எழுதினாப் போதும். திரும்பி வந்த கணக்குதான் அது.

கஸ்தூரி: செத்ததுமா?

தசரதன்: செத்ததுந்தாங்க.

கஸ்தூரி: அப்ப ஆயுத பூஜை அன்னைக்கே நான் அதக் கொண்டுட்டு வந்து உங்க கையில குடுத்திருந்தா…

தசரதன்: ஐயா பூனைக்காக ஒரு கத்து கத்தியிருப்பார். அப்புறம் அந்தக் குருவியையும் வளையத்தையும் பாத்துட்டு, உங்களுக்கு ஒரு கும்பிடு போட்டிருப்பார். இந்தப் பக்கத்துல யாருக்கும் கெடைக்காத ஒண்ணு, உங்க கடுகு டப்பாவுல இருந்திருக்குது. அழாதீங்க.

கஸ்தூரி: அழல. என் புத்திய நெனச்சு சிரிப்புதான் வருது. கேம்ப்ப காப்பாத்தறதுக்குன்னு, கேம்ப்ப காப்பாத்தறதையே எடுத்துப் புதைச்சு வெச்சிருக்கேன்.

தசரதன்: தெரியாம செஞ்சது.

கஸ்தூரி: தெரிஞ்சுதான் செஞ்சேன் சார். தப்பா தெரிஞ்சு செஞ்சேன். நீங்க கேக்கவே இல்லயே, எதுக்கு இவ்ளோ பாடுன்னு.

தசரதன்: அப்பாசாமி சொன்னாரே. அந்த ரூம்பு.

கஸ்தூரி: ரூம்பு ஒரு பாதி. மீதிய கேக்கலன்னா விடுங்க.

தசரதன்: கேக்கலன்னு இல்லங்க.

கஸ்தூரி: இந்த ரெண்டு வருஷமா காலையில எழுந்தா ஒரு ஜோலி இருக்குது. எந்த வலையில என்னா இருக்கும்னு பாக்கப் போறேன். நான் சொல்றத ஒரு மனுஷர் காது குடுத்துக் கேக்கறார். எனக்கு அவ்ளோதான் சொல்லத் தெரியும்.

தசரதன்: அதுவே ஜாஸ்திங்க.

கஸ்தூரி: இன்னும் ஒண்ணும் கெட்டுப் போகலயே? புங்க மரத்தடி எங்கயும் ஓடிடல. எடுத்துக் காட்டலாம். எலும்பும் இறகும் இருக்கும். இன்னைக்கே டவுனுக்குப் போய் ஐயாவுக்கு டிரங்க் கால் போடுங்க. நானும் கூட வரேன். பூனைய ஒளிச்சு வெச்சது, புதைச்சது, இன்னைக்குப் பண்ணின கூத்து, எல்லாத்தையும் நானே சொல்றேன். அவர் திட்டினா திட்டட்டும். கேம்ப்ப மட்டும் மூடாதீங்கன்னு கேக்கறேன்.

தசரதன்: சொல்லலாங்க. சொல்லத்தான் வேணும். அடுத்த வருஷம் இங்க கேம்ப் போட அது ஒதவும்.

கஸ்தூரி: அடுத்த வருஷமா? இந்த வருஷத்துக்கு? கொடியேத்தத்துக்கு இன்னும் நாள் இருக்குதே.

தசரதன்: இந்த வருஷம் கேம்ப்ப மூடியாச்சுங்க.

கஸ்தூரி: மூடியாச்சா? எப்ப?

தசரதன்: தீபாவளித் துணி எடுக்க உங்க தங்கச்சி வீட்டுக்கு, கீழ்பென்னாத்தூருக்குப் போனீங்களே, அன்னைக்கு. ஐயா ஜீப்புல வந்தார். இன்னும் எத்தனை நாள் வெறும் வலைய வெச்சிக்கிட்டு ஒக்காந்திருக்கறது, போதும்பா தசரதான்னார். டெண்ட்டு, தராசு, வளையப் பெட்டி, நாற்காலி எல்லாத்தையும் ஏத்திட்டார். வலை ஈரமா இருந்துச்சு. அத மட்டும் காய வெச்சு சுருட்டி எடுத்துக்கிட்டு, மறுநாளே பஸ் புடிச்சு கோடியக்கரைக்கு வந்து சேருன்னார்.

கஸ்தூரி: மறுநாளேவா?

தசரதன்: மறுநாளே.

கஸ்தூரி: அப்ப டெண்ட்டு தைக்கப் போனது…

தசரதன்: பொய்.

கஸ்தூரி: முந்தாநாள் ஒரு வாலாட்டி மாட்டுச்சே. வளையம் போடாம பறக்க விட்டீங்க. கேட்டதுக்கு, இது உள்ளூர்க் குருவி, வேணாம்ன்னீங்க.

தசரதன்: அது உள்ளூர் இல்ல. போடறதுக்கு என்கிட்ட வளையம் இல்ல.

கஸ்தூரி: கோடியக்கரையில தேட மாட்டாங்களா?

தசரதன்: ஜுரம்னு சொல்லி அனுப்பியிருக்கேன். இனிமே நம்ப மாட்டாங்க.

கஸ்தூரி: இதையெல்லாம் வெச்சிக்கிட்டா எனக்கு நிஜம் பொய்னு பாடம் நடத்தினீங்க?

தசரதன்: நான் எதையும் எழுதலயே. வலையத்தான கட்டினேன்.

கஸ்தூரி: கேம்ப்பும் இல்ல, வளையமும் இல்ல. தினமும் கருக்கல்ல எழுந்து, அந்தப் பனியில, அத்தனை வலையையும்… யாருக்கு சார் கட்டினீங்க?

தசரதன்: வலைய சுருட்டினதும் உங்கள ஊருக்குள்ள கூட்டிட்டுப் போயிடுவாங்களேன்னுதாங்க.